அண்ணியின் நார்மல் ரிப்போர்ட்

நீராவி இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கும் ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் அண்ணனின் மனைவி. ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. உள்ளே நுழைந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். மற்ற பெண்கள் வழியும் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். அண்ணி மட்டும் பழுப்பு ஸ்வெட்டரைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு நிற்பாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஸ்வெட்டர்.’ வீட்டில் நான் வைத்த பெயர் ‘தூங்குமூஞ்சி.’ இரண்டில் எது கேவலம் என்று கேட்டால், என்னுடையதுதான்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அண்ணியின் ஜோடிக்காரி ஒரு நெட்டை. அவள் ஒருநாள் என்னிடமே சொன்னாள்: “உங்க அண்ணி எதிர்ல வருவா வருவான்னு நின்னு நின்னு எனக்கு நரைச்சே போச்சு.” நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வேன்? அப்போது எனக்கு அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகளும். மாடியில் ஒற்றை அறையில் நான். அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வாய்க்கு எவனும் மூன்று நாள் தாங்கமாட்டான் என்பது அண்ணனின் தீர்ப்பு. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊரார் ரத்தம் முழுக்க என் கை வழியாகத்தான் போகிறது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அண்ணி காலையில் எழும் அழகைப் பார்க்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைச் செருப்புக்குள் விடுவாள். அடுத்த கால் வெளியே கிடக்கும். பத்து நிமிஷம் அப்படியே, சுவரைப் பார்த்தபடி. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலிலிருந்து நேரே உள்ளே போகமாட்டாள். மாடிப்படியின் மூன்றாவது படியில் பையோடு உட்கார்ந்துவிடுவாள். நான் அவளைத் தாண்டிக்கொண்டு மேலே போக வேண்டும்.

“என்ன அண்ணி, சிம்மாசனம் ஏறியாச்சா?” என்பேன்.

“ஒரே நிமிஷம்மா. எழுந்துக்கறேன்” என்பாள். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. பேசத் தெம்பு இல்லை என்பது எனக்குத் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு, அதான் வாய் பேசவில்லை என்று முடிவு கட்டினேன்.

இத்தனைக்கும் மகள் பிறக்கும்வரை அவள் அப்படி இல்லை. துறுதுறுவென்று இருப்பாள். என்னையே வாயடக்குவாள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போயிற்று. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தது மறுபிறப்பு என்றார்கள். குழந்தையை மார்பில் போட்டால் பால் வரவே இல்லை. ஒரு சொட்டு இல்லை. குழந்தை வீறிட்டு அழும், இவள் கூடவே அழுவாள். புட்டிப்பால் கலக்கிக் கொடுத்தது நான்தான். கலக்கும்போது ஒருநாள் சொன்னேன்: “பால் சுரக்கணும்னா முதல்ல மனசுல ஆசை சுரக்கணும் அண்ணி.” இருபத்துமூன்று வயசுப் பெண் பேசும் பேச்சா அது? நாக்கில் நரம்பில்லை என்பார்களே, அது நான்.

அதன்பின் ஒன்பது வருஷம் ஓடிற்று. அண்ணி மெல்ல மெல்லத் தேய்ந்தாள். முகம் வெளிறிக் காகிதம் மாதிரி ஆயிற்று. புருவம் ஓரத்தில் உதிர்ந்தது. வெயில் காலத்தில் போர்வை கேட்டாள். நான் வைத்த பெயரை மகள் பிடித்துக்கொண்டாள். “தூங்குமூஞ்சி அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று எழுப்புவாள். அண்ணி சிரித்தபடி எழுந்து, அந்த ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருப்பாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

தைராய்டு சந்தேகம் என்றால் டாக்டர்கள் இரண்டு சோதனை எழுதுவார்கள். ஒன்று டி.எஸ்.எச். இன்னொன்று டி4, தைராய்டு சுரக்கும் ஹார்மோன். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் டி.எஸ்.எச். போடுவோம். அது நார்மல் என்றால் டி4 தேவையில்லை என்று ரத்து செய்துவிடுவோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சரியாகத்தான் இருக்கும். சோதனை மருந்தும் வீணாகாது, வேலையும் சீக்கிரம் முடியும். இந்த வழக்கத்தைக் கொண்டுவரலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். எங்கள் தலைமை அதிகாரி என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

மூன்று வருஷத்தில் மூன்று தடவை அண்ணியைக் கைப்பிடியாக இழுத்துப்போய், டாக்டரிடம் எழுதி வாங்கி ரத்தம் எடுத்தேன். “பாத்துடலாம் அண்ணி, நோயா சோம்பலான்னு” என்றேன். முதல் தடவை டி.எஸ்.எச். 2.1. அடுத்தது 1.8. அப்புறம் 2.6. மூன்றும் பாடப்புத்தகத்தில் ஒட்டிவைக்கலாம் போல நார்மல். நானே கையெழுத்துப் போட்டு, நானே வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் எதிரிலும் படித்தேன். “ஒண்ணும் இல்ல. எல்லாம் நார்மல். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” அண்ணன் பெருமூச்சு விட்டான். நோய் இல்லையே என்று நிம்மதியா, சோம்பேறியைக் கட்டினோமே என்று ஆயாசமா, தெரியவில்லை.

மூன்றாவது தடவை அண்ணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டாக்டர் ரெண்டு எழுதினாரே. இதுல ஒண்ணுதானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அது தேவையில்ல அண்ணி. நான் பாத்துக்கிட்டேன்” என்றேன்.

அவள் காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எங்களுக்கு இரண்டு நாளில் சரியாயிற்று. அண்ணிக்கும் காய்ச்சல் விட்டது, ஆனால் வாந்தி நிற்கவில்லை. இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று எழுந்து போனாள். “போங்க போங்க, வீட்ல படுத்தா மட்டும் என்ன கிழிக்கப் போறீங்க” என்று அனுப்பிவைத்தேன். பதினொரு மணிக்கு நெட்டை போன் செய்தாள். விரிப்பை மடிக்க எதிரே நடந்து வந்தவள் பாதி வழியில் சரிந்துவிட்டாளாம். “நான் ரெண்டு முனையையும் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேங்க. விளையாடறான்னு நெனச்சேன்” என்று அழுதாள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் அதல பாதாளத்தில். அவசரப் பிரிவிலிருந்து வந்த ரத்தக் குழாயை நானே வாங்கி மெஷினில் வைத்தேன். 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 116. மெஷின் பொய் சொல்கிறது என்று மறுபடி போட்டேன். 116தான். இவ்வளவு குறைந்த உப்போடு மனுஷி வேலைக்கு நடந்து போயிருக்கிறாள்.

உப்புத் தண்ணீர் ஏற்றி ஓரளவு கண் விழித்ததும் மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கும் அக்கா எனக்குப் பழக்கம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்துத் திரையைக் காட்டினாள். மூக்குக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடியில் சின்னதாக ஒரு எலும்புக் குழி. மற்ற சுரப்பிகளை வேலை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் இடம். அங்கே சுரப்பியைக் காணோம். வெள்ளையாகத் தண்ணீர் நின்றது. குழியின் தரையில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான் மிச்சம்.

“காலி செல்லா. இந்தக் குழிக்குப் பேருதான் செல்லா. பயப்படாத, இது நெறைய பேருக்கு இருக்கும். வேற எதுக்கோ எடுக்கறப்ப தெரியும். ஒண்ணும் செய்யாது” என்றாள் அக்கா.

அந்த ‘ஒண்ணும் செய்யாது’வை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெளியே பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், “ஒண்ணும் இல்லண்ணா. நார்மலா பல பேருக்கு இருக்கறதுதான்” என்றேன். பாருங்கள், அப்போதும் அந்த வார்த்தை என் வாயைவிட்டுப் போகவில்லை.

ஹார்மோன் டாக்டர் வந்தார். ஒடிசலான அம்மாள், குரல் கட்டியிருந்தது. படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் படத்தை விட்டுவிட்டு அண்ணியின் முகத்தையே பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“குழந்தை எத்தனை?”

“ஒண்ணு. ஒம்பது வயசு” என்றாள் அண்ணி.

“பிரசவத்துல ரத்தம் நெறைய போச்சா?”

“நாலு பாட்டில் ஏத்தினாங்க.”

“பால் வந்துதா?”

அண்ணி என்னைப் பார்த்தாள். “வரல டாக்டர்” என்று நான்தான் சொன்னேன்.

“அதுக்கப்புறம் மாசாமாசம் வரவேண்டியது?”

“வரவே இல்ல டாக்டர். ஒரு தடவகூட.”

ஒன்பது வருஷம். ஒரே வீடு. எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும் போலிருக்கிறது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரத்தம் நிறையப் போனதால் உடம்பு தேறவில்லை, அதனால்தான் என்று இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்களாம். வேறு யாரிடம் சொல்வாள் அவள்? என்னிடமா?

டாக்டர் அம்மாள் எங்களுக்கு விளக்கினார். “இந்த இடம் காலியாத் தெரியறவங்க நெறைய பேர் இருக்காங்க. சுரப்பி ஓரமா ஒட்டிக்கிட்டு ஒழுங்கா வேலை பாக்கும், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதனால படத்தை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது, ரத்தத்தைப் பாக்கணும். ஆனா இவங்க கதை வேற. பிரசவத்துல ரத்தம் போனப்ப சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காம செத்துப்போச்சு. செத்தது சுருங்கி, இடம் காலியாயிடுச்சு. ஒம்பது வருஷமா இந்தம்மா மொதலாளி இல்லாத கடையை நடத்தியிருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க லேப்தானே? முன்னாடி தைராய்டு பாத்தீங்களா?”

“பாத்தோம் டாக்டர். மூணு தடவை. டி.எஸ்.எச். நார்மல்.”

“டி4?”

“அது போடல டாக்டர்” என்றேன்.

“டி.எஸ்.எச்.ங்கிறது இந்தச் சுரப்பி தைராய்டுக்குப் போடற சத்தம்தானே?” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். “சூப்பர்வைசர் சத்தமே போடலைன்னா வேலை நல்லா நடக்குதுன்னு நெனச்சுக்கறதா? சூப்பர்வைசரே இல்லாமப் போயிருந்தா?”

அன்று எடுத்த ரத்தத்தை நான் போடவில்லை. பக்கத்துச் சீட்டுப் பெண்ணைப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. கார்ட்டிசோல், காய்ச்சல் மாதிரி நெருக்கடியை உடம்பு தாங்க வைக்கும் ஹார்மோன், 1.8. காலையில் சாதாரண மனுஷருக்கே பத்துக்கு மேல் இருக்கும், நோயில் கிடக்கும் உடம்பில் இன்னும் ஏற வேண்டும். புரோலாக்டின், அதுதான் பால் சுரக்க வைப்பது, கிட்டத்தட்ட இல்லை. மாதவிலக்குக்கான இரண்டு ஹார்மோனும் இந்த வயசில் இருக்கக் கூடாத அளவுக்குத் தாழ்ந்து கிடந்தன. டி.எஸ்.எச். 2.4, வழக்கம்போல் சமர்த்தாக நார்மல். கடைசியாக டி4 வந்தது. 0.4. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். “தைராய்டு மாத்திரையை இப்பவே குடுத்துடலாமா டாக்டர்?”

“முதல்ல கார்ட்டிசோலுக்கு ஊசி. அது உள்ள போகாம தைராய்டைக் குடுத்தா உடம்பு தாங்காது, ஆளையே சாய்ச்சிடும். அது அப்புறம்.” மறுபடியும் வாயைத் திறந்தேன், மறுபடியும் தப்பு. அன்றிலிருந்து அந்த டாக்டர் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து கணினியில் பழையதைத் தேடினேன். இருந்தது. மூன்று தேதி, மூன்று வரி. ‘டி4, ரத்து.’ பக்கத்தில் ரத்து செய்தவரின் எண். மூன்றிலும் என் எண். எங்கள் தலைமை அதிகாரி பின்னால் வந்து நின்று பார்த்தார். நல்ல மனுஷர். “விடும்மா. யானைக்கும் அடி சறுக்கும்” என்றார்.

“யானை ஒரே இடத்துல மூணு தடவை சறுக்குமா சார்?” என்றேன். அவர் போய்விட்டார். மறுவாரம் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். டாக்டர் இரண்டு கேட்டால் இப்போது இரண்டும் போடுகிறோம். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்.

ஊசி போட்ட நாலாம் நாள் காலையில் வார்டுக்குப் போனேன். நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்? அண்ணி நின்றுகொண்டிருந்தாள். தலை சீவியிருந்தாள். ஸ்வெட்டர் கட்டில் கம்பியில் தொங்கியது. அவள் ஆஸ்பத்திரிப் போர்வையை ஒற்றை ஆளாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா வா, அந்த முனையப் பிடி. இதை எவன் வெளுத்தானோ, கஞ்சத்தனமா சோப்பு போட்டிருக்கான்” என்றாள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய குரல் அது.

நான் இரண்டு முனையைப் பிடித்தேன். உதறினோம். அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள், விறுவிறுவென்று. நான்தான் நின்ற இடத்திலேயே நின்றேன். முனைகள் சேர்ந்தபோது அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டி4 என்றால் என்ன, ரத்து என்றால் என்ன, அது யார் வைத்த வழக்கம், யாருடைய எண். சொல்லும்போது அழக்கூடாது என்று வந்தேன். அழுதேன்.

அண்ணி என் கையிலிருந்து முனைகளை வாங்கி மீதி மடிப்பை முடித்தாள். போர்வையைக் கட்டிலில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தாள். அப்புறம் ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்தது. மடிப்பெல்லாம் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. மூன்றாவது ரிப்போர்ட்.

“காலையில எழுந்துக்க முடியலன்னா இதை எடுத்துப் பாப்பேன்” என்றாள். “உனக்கு ஒண்ணும் இல்லடி, நார்மல்னு போட்டிருக்கு, எழுந்திருன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நானும் என்னைச் சோம்பேறின்னுதான் நம்பினேன்.”

“திட்டுங்க அண்ணி. ரெண்டு அறை விடுங்க.”

“திட்டி என்ன ஆகப்போவுது? ஒம்பது வருஷம் திரும்பி வருமா?” அவள் குரல் உடைந்தது. எனக்காக இல்லை, அந்த வருஷங்களுக்காக. முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை என் கையில் வைத்தாள். “ஒண்ணே ஒண்ணு செய். பாப்பா இப்ப வருவா. அவ ஒரு தடவ, அம்மா ஏன் எப்பவும் படுத்தே இருக்கேன்னு கேட்டா. நான் இதைக் காட்டி, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா, வெறும் சோம்பல்னு சொல்லிட்டேன். இப்ப நான் மாத்திச் சொன்னா சாக்குன்னு நெனப்பா. அத்தை சொன்னாத்தான் அவளுக்கு வேதம். நீயே சொல்லு.”

பத்து நிமிஷத்தில் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடப் பையோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். “கை சூடா இருக்கும்மா” என்றாள் ஆச்சரியமாக. நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

“பாப்பா, அம்மா சோம்பேறி இல்ல. தூங்குமூஞ்சியும் இல்ல. அம்மாவுக்கு ஒம்பது வருஷமா உடம்பு சரியில்ல. அதோடதான் வேலைக்கும் போனா, உன்னையும் வளத்தா.”

அவள் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதை அவளுக்குத் தெரியும். “இதுல நார்மல்னு போட்டிருக்கே அத்த?”

“தப்பாப் போட்டிருக்காங்க.”

“யாரு?”

கீழே கையெழுத்து இருந்தது. அவளுக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரியாது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

“நான்தான்டா” என்றேன்.